“விசாரணை வேண்டும்” என்று எழுதிக் கொடுங்கள்: ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்த வியாபாரிகளுக்கு

மார்த்தாண்டத்தில் சந்தைக்குப் பக்கத்து மாடியில் உட்கார்ந்து ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் செய்து கொடுப்பது என் வேலை. வாட் காலத்திலிருந்தே இதே தொழில். ரப்பர் ஷீட் வாங்கி விற்பவர்கள், முந்திரி ஆலைக்காரர்கள், ஹார்டுவேர் கடை, பர்னிச்சர் கடை, தேன் பாட்டிலில் அடைக்கிறவர்கள் என்று கலவையான ஆட்கள் வருவார்கள். வரித் தகராறோடு வருகிறவர்களில் பலர் கையில் நோட்டீஸ் இருக்காது. பேங்கிலிருந்து வந்த தகவல்தான் இருக்கும். “கணக்க முடக்கிட்டாவ மக்ளே, எதுக்குண்ணே தெரியல்ல” என்பார்கள்.

ஜிஎஸ்டி இணையதளமான போர்ட்டலைத் திறந்து பார்த்தால் எல்லாம் வரிசையாகக் கிடக்கும். முதலில் ஏஎஸ்எம்டி-10 என்ற ஆய்வு நோட்டீஸ், அடுத்து டிஆர்சி-01 என்ற விளக்கம் கேட்கும் நோட்டீஸ், அதற்குப் பின் நினைவூட்டல்கள், கடைசியில் டிஆர்சி-07 என்ற உத்தரவு. ஒன்றையும் அவர் பார்த்திருக்க மாட்டார். உத்தரவில் “போதிய வாய்ப்பு அளித்தும் வரி செலுத்துபவர் பதில் தரவில்லை, விசாரணைக்கும் ஆஜராகவில்லை” என்று இருக்கும். காகிதத்தைப் பொறுத்தவரை அது உண்மை.

நோட்டீஸும் விசாரணையும் சட்டம் கொடுத்திருக்கிற உரிமை. ஆனால் எழுத்தில் கேட்டு, கேட்டதற்கு ஆதாரம் வைத்திருப்பவருக்குத்தான் அது உதவும். ஆபீசில் போய் நின்று நல்லபடியாகப் பேசிவிட்டு வந்தால் மட்டும் போதாது. நீங்கள் பேசியது கோப்பில் ஏறியிருக்காது.

நோட்டீஸ் எங்கே கிடக்கும்

ஜிஎஸ்டி சட்டத்தின் 169-ஆவது பிரிவு நோட்டீஸை எப்படிச் சேர்க்கலாம் என்று பட்டியல் போடுகிறது. நேரில் ஆள் மூலம் கொடுக்கலாம். பதிவுத் தபால், விரைவுத் தபால் அல்லது கூரியரில் அனுப்பலாம். பதிவில் உள்ள மின்னஞ்சலுக்கு அனுப்பலாம். போர்ட்டலில் ஏற்றலாம். பத்திரிகையில் விளம்பரம் செய்யலாம். இவை எதுவும் சரிவராவிட்டால் கடைசியாகத் தெரிந்த முகவரியில் ஒட்டலாம். வாட்ஸ்அப் இந்தப் பட்டியலில் இல்லை. வாட்ஸ்அப்பில் “நோட்டீஸ்” என்று பிடிஎஃப் வந்து, கீழே பணம் கட்ட ஒரு லிங்க்கும் இருந்தால் தொடாதீர்கள். உண்மையான நோட்டீஸில் ஒரு சரிபார்ப்பு எண் இருக்கும். மத்திய அலுவலகம் என்றால் அதற்குப் பெயர் டின், போர்ட்டல் வழியாக வந்தது என்றால் ஆர்எஃப்என். அதை அரசின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம்.

நடைமுறையில் எல்லாம் போர்ட்டலில்தான் வருகிறது. யூசர் சர்வீசஸ் பகுதிக்குள் இரண்டு இடம் உண்டு: ‘வியூ நோட்டீசஸ் அண்ட் ஆர்டர்ஸ்’, ‘வியூ அடிஷனல் நோட்டீசஸ் அண்ட் ஆர்டர்ஸ்’. நம் ஆட்கள் திறந்தாலும் முதலாவதைத்தான் திறப்பார்கள். ஆய்வு, வரிக் கோரிக்கை நோட்டீஸ்கள் பெரும்பாலும் இரண்டாவதில் இருக்கும். இந்த இரண்டாவது கதவுக்குள் நோட்டீஸ் கிடந்ததால் தெரியாமல் போனது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் அதன் மதுரைக் கிளைக்கும் போன வழக்குகள் ஏராளம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்பவர்கள் இதில் தனியாகக் கவனிக்க வேண்டும். மாதாமாதம் கட்டுபவர் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கு, 20ஆம் தேதி 3பி என்ற வரி கட்டும் சுருக்கக் கணக்கு என்று எப்படியும் உள்ளே போவார். காலாண்டுக்காரர் நம் மாநிலத்தில் காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 22ஆம் தேதிவாக்கில்தான் எட்டிப் பார்ப்பார். நடுவில் வரி கட்டுவது கூட சலான் போட்டுவிட்டு வந்துவிடுவதுதான். பதில் சொல்ல நோட்டீஸ் கொடுக்கும் நேரம் பெரும்பாலும் 30 நாள். ஒரு காலாண்டுக்குள் நோட்டீஸ் வந்து, கெடு முடிந்து, நினைவூட்டலும் முடிந்துபோக இடம் இருக்கிறது. அதனால் காலாண்டு ஆட்களிடம் நான் சொல்வது, மாதம் இரண்டு முறையாவது அந்த இரண்டு பக்கத்தையும் திறந்து பாருங்கள் என்பதுதான். ஒன்றும் இல்லை என்றாலும் தேதி தெரிகிறமாதிரி ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

அடுத்தது போன் நம்பரும் மின்னஞ்சலும். 2017இல் பதிவு எடுத்தபோது யாரோ ஒரு கணக்குப்பிள்ளை தன் நம்பரைப் போட்டிருப்பார். அவர் இப்போது துபாயில் இருப்பார். “எனக்க போனுக்கு ஒண்ணும் வரல்லியே” என்று நீங்கள் சொல்வது சரிதான், வந்தது அவருக்க போனுக்கு. பதிவில் திருத்தம் செய்து உங்கள் நம்பர், உங்கள் மின்னஞ்சல் போடுங்கள். இதற்கு அதிகாரி ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, சில நிமிட வேலை.

கடையை மூடி பதிவை ரத்து செய்துவிட்டவர்களும் பார்க்க வேண்டும். பதிவு ரத்தானாலும் பழைய வருடங்களுக்கு நோட்டீஸ் வரும், லாகின் செய்து பார்க்கவும் முடியும். இந்த மாவட்டத்தில் கடையைப் பூட்டிவிட்டு வளைகுடாவுக்குப் போனவர்கள் அதிகம். ஊரில் இருக்கும் வீட்டுக்காரியிடமோ தம்பியிடமோ லாகின் விவரத்தைக் கொடுத்துவிட்டுப் போங்கள். இறந்துபோனவர் பெயரில் நோட்டீஸ் வந்தால், இறப்புச் சான்றிதழை இணைத்து உடனே எழுதிக் கொடுங்கள். 93-ஆவது பிரிவின்படி வாரிசிடம் வரி கேட்கலாம், ஆனால் வாரிசுக்கு நோட்டீஸ் கொடுத்து, அவரைக் கேட்டுத்தான் கேட்க முடியும். இறந்தவர் பெயரிலேயே போட்ட உத்தரவு நிற்காது என்று உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன.

படிக்கும்போது எதைப் பார்ப்பது

பலரும் தொகையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். பார்த்ததும் படபடப்பு வந்துவிடும், மீதியைப் படிக்க முடியாது. தொகையைக் கையால் மறைத்துக்கொண்டு கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள் என்று நான் விளையாட்டாகச் சொல்வதுண்டு.

அனுப்பியது யார்? மாநில வணிகவரித் துறையா, மத்திய ஜிஎஸ்டியா? ஒரே விஷயத்துக்கு இரண்டு பேரும் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று 6(2)(பி) பிரிவு சொல்கிறது. ஒருவரிடம் ஏற்கெனவே பதில் கொடுத்திருந்தால் அந்த நகலை அடுத்தவருக்கு அனுப்புங்கள்.

எந்த வருடம், எந்தப் பிரிவு? 2023-24 வரையிலான வருடங்களுக்கு 73 அல்லது 74. மோசடி, மறைப்பு இல்லாத சாதாரணக் குறைபாட்டுக்கு 73. மோசடி செய்தீர்கள் என்று குற்றம்சாட்டினால் 74. 2024-25 முதல் இரண்டுக்கும் சேர்த்து 74ஏ. இந்த வித்தியாசம் பணத்தில் பெரியது. 73இல் உத்தரவு வந்தால் அபராதம் வரியில் 10 சதவீதம் அல்லது 10,000 ரூபாய், எது அதிகமோ அது. 74இல் வரிக்குச் சமமான தொகையே அபராதமாக வரலாம். 74 போட்டிருந்தால், நீங்கள் எதை வேண்டுமென்றே மறைத்தீர்கள் என்று நோட்டீஸ் விளக்க வேண்டும். ஒன்றும் விளக்காமல் பிரிவை மட்டும் போட்டிருந்தால் பதிலின் முதல் பத்தியிலேயே அதைச் சொல்லுங்கள். மோசடி நிரூபணம் ஆகவில்லை என்றால் அதை 73 நோட்டீஸாகக் கருதித்தான் கணக்கிட வேண்டும் என்று 75(2) சொல்கிறது.

காலம் கடந்ததா? 73இல் ஆண்டுக் கணக்குக்கான கடைசித் தேதியிலிருந்து மூன்று வருடத்துக்குள் உத்தரவு வர வேண்டும், அதற்கு மூன்று மாதம் முன்னதாக நோட்டீஸ் வந்திருக்க வேண்டும். 2022-23க்கு ஆண்டுக் கணக்குத் தேதி 31-12-2023. அப்படியானால் உத்தரவுக்குக் கெடு 31-12-2026, நோட்டீஸுக்கு 2026 செப்டம்பர் முடிவு.

விசாரணைத் தேதி என்ன? டிஆர்சி-01இல் பதில் கெடுவுக்கும் விசாரணைக்கும் தனித்தனிக் கட்டம் உண்டு. விசாரணைக் கட்டத்தில் தேதிக்குப் பதில் ‘என்ஏ’ என்று போட்டு வந்த நோட்டீஸ்களைப் பற்றி அலகாபாத் உயர் நீதிமன்றம் கடுமையாகவே பேசியிருக்கிறது. விசாரணைத் தேதி பதில் கெடுவுக்கு முன்னால் வருவதும் உண்டு. பதிலைப் படிக்காமல் என்ன விசாரிக்கப் போகிறார்கள்? இதையும் எழுதிக் காட்டுங்கள்.

இணைப்பு இருக்கிறதா? டிஆர்சி-01 என்பது சுருக்கம்தான். எந்த பில், எந்த மாதம், எந்தக் கணக்கில் வித்தியாசம் என்ற விவரமான நோட்டீஸ் அதோடு வர வேண்டும். வராவிட்டால் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நோட்டீஸுக்குப் பதில் கொடுத்துவிட்டால், பிறகு “அது எனக்கு முறையாக வந்து சேரவில்லை” என்று சண்டை போட முடியாது. 160(2) அந்த வாசலை அடைத்துவிடுகிறது. அதற்காகப் பதில் கொடுக்காமல் இருக்கவும் வேண்டாம். நோட்டீஸ் கையில் இருக்கிறவரைக்கும் பதில்தான் புத்திசாலித்தனம்.

பயத்தில் கட்டிவிடாதீர்கள், வீம்பில் கட்டாமலும் இருக்காதீர்கள்

வரி உண்மையிலேயே விட்டுப்போயிருந்தால் கட்டிவிடுங்கள். எங்கள் பக்கம் முந்திரி ஆலைகளுக்கு இது அடிக்கடி வரும். விவசாயியிடமிருந்து தோடு உடைக்காத முந்திரிக்கொட்டை வாங்கினால், விவசாயிக்குப் பதில் வாங்குபவரே வரி கட்ட வேண்டும். அந்த வரி விட்டுப்போயிருந்தால் விசாரணையில் பேச ஒன்றுமில்லை. 73இல் நோட்டீஸ் வந்து 30 நாளுக்குள் வரியும் வட்டியும் டிஆர்சி-03 என்ற படிவத்தில் கட்டினால் அபராதம் கிடையாது. 74ஏ என்றால் அது 60 நாள். கட்டிய விவரத்தை அந்த நோட்டீஸோடு இணைத்துக் காட்ட வேண்டும். தனியாகக் கட்டிவிட்டுச் சும்மா இருந்தால் கோப்பு மூடாது.

நோட்டீஸில் நாலு குறை சொல்லியிருந்து, அதில் ஒன்று உண்மை என்றால், அந்த ஒன்றைக் கட்டிவிட்டு மற்ற மூன்றுக்கும் பதில் கொடுக்கலாம். இதைப் பலர் யோசிப்பதில்லை.

பதில் எழுதுவது

டிஆர்சி-06 என்ற படிவத்தில் பதில் கொடுக்கிறபோது ‘பர்சனல் ஹியரிங்’, அதாவது நேரில் விசாரணை, வேண்டுமா என்று ஒரு கேள்வி வரும். ‘யெஸ்’ தட்டுங்கள். நான் பார்த்த பல பழைய பதில்களில் அது ‘நோ’ என்று இருக்கிறது. பதில் ஏற்றிக் கொடுத்த பையன் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று தட்டியது. எதிரான உத்தரவு போடப் போகிறார் என்றால் நீங்கள் கேட்காவிட்டாலும் அதிகாரி விசாரணை கொடுத்தே ஆக வேண்டும், 75(4) அப்படித்தான் சொல்கிறது. ஆனாலும் ‘நோ’ என்று நீங்களே தட்டியதை வைத்துக்கொண்டு பிறகு கோர்ட்டில் எதற்கு வாதாட வேண்டும்?

தட்டியதோடு நிற்காமல், பதிலின் கடைசியில் இப்படி எழுதச் சொல்வேன்:

“எனக்கு எதிராக எந்த உத்தரவும் பிறப்பிக்கும் முன், தமிழ்நாடு சரக்கு மற்றும் சேவைகள் வரிச் சட்டம் 2017, பிரிவு 75(4)இன் கீழ் நேரில் விளக்கம் அளிக்க வாய்ப்பு தருமாறு கேட்டுக்கொள்கிறேன். விசாரணை நாளை முன்கூட்டியே மேற்கண்ட மின்னஞ்சலுக்கும் முகவரிக்கும் தெரிவிக்கவும். நோட்டீஸ் எந்த ஆவணங்களின் அடிப்படையில் எழுதப்பட்டதோ அவற்றின் நகல்களையும் தருமாறு வேண்டுகிறேன். அவை கிடைத்த பின் கூடுதல் பதில் தர அனுமதிக்கவும்.”

மாநில அலுவலகத்துக்குத் தமிழில் எழுதலாம். ஆனால் பெரிய தொகை என்றால் பதிலை ஆங்கிலத்தில் கொடுப்பதே மேல் என்பது என் கருத்து. நாளைக்கு மதுரைக்குப் போக நேர்ந்தால் மொழிபெயர்ப்புச் செலவு மிச்சம்.

பதிலை நோட்டீஸின் பத்தி வரிசைப்படியே எழுதுங்கள். “எல்லாக் குற்றச்சாட்டையும் மறுக்கிறேன்” என்று ஒரே வரியில் முடிப்பது பதில் இல்லை. எண்களுக்கு எண்கள் வேண்டும். ஒரு உதாரணம் சொல்கிறேன், தொகையை மாற்றியிருக்கிறேன். தக்கலையில் ஒரு ஹார்டுவேர் கடை. திருவனந்தபுரத்து மொத்த வியாபாரியிடம் சரக்கு எடுக்கிறவர். பக்கத்து மாநிலம் என்பதால் பில்லில் இருப்பது ஐஜிஎஸ்டி. கணக்கு எழுதிய பையனுக்குத் திருவனந்தபுரம் என்றால் பக்கத்து ஊர்தானே, 92,400 ரூபாய் வரியை, மாநிலத்துக்குள் வாங்கிய சரக்குபோல, 46,200 சிஜிஎஸ்டி, 46,200 எஸ்ஜிஎஸ்டி என்று இரண்டாகப் பிரித்து 3பியில் கிரெடிட்டாக, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியின் கழிவாக, எடுத்துவிட்டான். கம்ப்யூட்டர் 2ஏவோடு, அதாவது சப்ளையர்கள் தாக்கல் செய்ததை வைத்துப் போர்ட்டல் காட்டும் கொள்முதல் பட்டியலோடு, ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டு தலைப்பிலும் அதிகக் கிரெடிட் எடுத்ததாக நோட்டீஸ் போட்டுவிட்டது. ஐஜிஎஸ்டி தலைப்பில் அதே 92,400 எடுக்காமல் கிடப்பதை நோட்டீஸ் சொல்லவில்லை.

இதற்குப் பதில் ஒரே பக்க அட்டவணை. பில் எண், தேதி, 2ஏவில் உள்ளது, 3பியில் எடுத்தது, வித்தியாசம். கடைசி வரியில் மொத்தம் பூஜ்யம். அதோடு, தலைப்பு மாறி எடுத்ததால் மட்டும் வரி இழப்பு ஏற்பட்டதாகாது, கிரெடிட் லெட்ஜர் என்பது ஒரே தொகுப்பு என்று கேரள உயர் நீதிமன்றம் 2024இல் சொன்ன தீர்ப்பின் நகல். கேரளத் தீர்ப்பு தமிழ்நாட்டு அதிகாரியைக் கட்டுப்படுத்தாது என்பது சரி. ஆனால் படிக்க வைக்கும்.

சப்ளையர் தன் கணக்கைத் தாக்கல் செய்யாததால் வந்த வித்தியாசம் என்றால் வேறு வழி. 2017-18, 2018-19க்கு 2022 டிசம்பரில் வந்த 183-ஆம் சுற்றறிக்கை வழி காட்டுகிறது. ஒரு சப்ளையர் வகையில் வித்தியாசம் வருடத்துக்கு 5 லட்சத்துக்குள் என்றால் அவரிடமிருந்தே ஒரு சான்று, அதற்கு மேல் என்றால் ஆடிட்டர் சான்று. சப்ளையர் சான்று தர இழுத்தடிப்பார். அவருக்கு நீங்கள் அனுப்பிய கடிதத்தையும் பதிலோடு சேர்த்துவிடுங்கள்.

பதில் ஏற்றியதும் வரும் ஒப்புகை எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். கோப்பு பெரிதாக இருந்தால் போர்ட்டல் ஏற்காது, பிரித்து ஏற்றுங்கள். நான் அதே கட்டின் ஒரு காகித நகலை அலுவலகத் தபால் பிரிவில் கொடுத்து முத்திரையும் வாங்கிவிடுவேன். கட்டாயம் இல்லை, பழைய வாட் காலத்துப் பழக்கம். முத்திரை பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

விசாரணை நாள்

வக்கீலோ ஆடிட்டரோதான் போக வேண்டும் என்று இல்லை. நீங்களே போகலாம். 116-ஆவது பிரிவின்படி உங்கள் உறவினரோ, கடையில் நிரந்தரமாக வேலை பார்ப்பவரோ, ஜிஎஸ்டி பிராக்டிஷனரோ அதிகாரக் கடிதத்தோடு போகலாம். சின்னத் தொகைக்கு, கணக்கு தெரிந்த கடைப் பையன் போதும்.

அன்று போக முடியாவிட்டால் முந்தைய நாளே காரணத்தோடு எழுதி வேறு நாள் கேளுங்கள். காரணம் நியாயமாக இருந்தால் அதிகாரி தள்ளிவைக்க வேண்டும், ஆனால் மூன்று முறைக்கு மேல் தள்ளிவைக்கச் சட்டம் இடம் தரவில்லை. முதல் இரண்டு வாய்ப்பைச் சோம்பலில் வீணாக்கினால் உண்மையான அவசரத்துக்கு ஒன்றுதான் மிஞ்சும். வெளியூர் அலுவலகம் போட்ட தேதி மண்டைக்காடு கொடைக்கோ, கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கோ விடப்பட்ட உள்ளூர் விடுமுறையில் விழலாம். அவர்களுக்கு அது தெரிந்திருக்காது, எழுதிச் சொன்னால் மாற்றுவார்கள்.

போகும்போது பேச்சை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரே பக்கத்தில் உங்கள் வாதக் குறிப்பு இரண்டு நகல். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் கையெழுத்தோ முத்திரையோ வாங்குங்கள். தக்கலைக் கடைக்காரர் கொண்டுபோன அட்டவணையை அதிகாரி பார்த்துவிட்டு, ஐஜிஎஸ்டி பக்கத்தைத் திரையில் திறந்து பார்த்தார். அதற்கப்புறம் அதிகம் பேச்சில்லை, கோரிக்கையைக் கைவிட்டு உத்தரவு வந்தது. அவருக்கும் வருடக் கெடு ஓடுகிறது, மேசையில் நூற்றுக்கணக்கான கோப்பு. உங்கள் கோப்பை அவர் சுலபமாக முடிக்க உதவுங்கள். சத்தம் போடுகிறவர்களுக்குச் சீக்கிரம் உத்தரவு வரும், அது எப்படிப்பட்ட உத்தரவு என்று சொல்ல வேண்டியதில்லை.

விசாரணைப் பதிவில் கையெழுத்துக் கேட்டால் படித்துவிட்டுப் போடுங்கள். “வரி செலுத்தச் சம்மதித்தார்” என்று ஒரு வரி உள்ளே இருந்து, நீங்கள் அப்படிச் சொல்லவில்லை என்றால், அதன் பக்கத்திலேயே மறுப்பை எழுதிக் கையெழுத்திடுங்கள்.

உங்களுக்கு எதிரான ஆதாரம் இன்னொருவரின் கணக்கோ வாக்குமூலமோ என்றால், நகல் கேட்டதோடு அவரைக் குறுக்கு விசாரணை செய்யவும் எழுத்தில் கேளுங்கள். இதற்கு ஒரு பழைய தீர்ப்பு உண்டு, நம் எல்லைக்கு அந்தப்பக்கத்துக் கதை. கேரளத்து மளிகை வியாபாரி ஷாதுலியின் விற்பனைவரிக் கணக்கை அதிகாரி நிராகரித்தார். காரணம், ஒரு மொத்த வியாபாரியின் புத்தகத்தில் இருந்த சில விற்பனைகள் இவர் புத்தகத்தில் இல்லை. அந்த மொத்த வியாபாரியைக் கூப்பிடுங்கள், நான் கேள்வி கேட்க வேண்டும் என்றார் ஷாதுலி. மறுத்துவிட்டார்கள். 1977இல் உச்ச நீதிமன்றம், கணக்கு சரி என்று நிரூபிக்க வாய்ப்பு என்றால் அதில் இந்தக் குறுக்கு விசாரணையும் அடங்கும் என்று அவர் பக்கம் நின்றது. கேட்டிருந்ததால்தான் அவருக்கு அது கிடைத்தது. கேட்காதவருக்கு இந்தத் தீர்ப்பால் பெரிய பயன் இல்லை.

உத்தரவு வந்த பிறகு

உத்தரவை நோட்டீஸோடு பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 75(7)இன்படி நோட்டீஸில் கேட்ட தொகைக்கு மேல் உத்தரவில் கேட்கக் கூடாது, நோட்டீஸில் சொல்லாத காரணத்தை உத்தரவில் புதிதாகக் கொண்டுவரவும் கூடாது. 75(6)இன்படி உங்கள் பதிலை ஏன் ஏற்கவில்லை என்று காரணம் எழுத வேண்டும். “பதில் ஏற்கத்தக்கதல்ல” என்ற ஒற்றை வரி காரணம் ஆகாது.

கூட்டல் பிழை, கட்டிய பணத்தைக் கழிக்காதது போன்ற வெளிப்படையான தவறு என்றால் 161-ஆவது பிரிவில் திருத்தம் கேட்கலாம். உத்தரவு வந்து மூன்று மாதத்துக்குள் கேளுங்கள். ஆனால் திருத்த மனுவை நம்பி மேல்முறையீட்டுக் கெடுவை விட்டுவிடாதீர்கள். இரண்டு கடிகாரமும் தனித்தனியாக ஓடுகின்றன.

மேல்முறையீடு 107-ஆவது பிரிவு. உத்தரவு கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதம். தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் மேலும் ஒரு மாதம். அதற்குப் பிறகு மேல்முறையீட்டு அதிகாரியால் ஏற்க முடியாது, அவருக்கு அந்த அதிகாரமே இல்லை. தகராறில் உள்ள வரியில் 10 சதவீதம் முன்பணம் கட்ட வேண்டும். வட்டி, அபராதம் இந்தக் கணக்கில் சேராது. தகராறு 92,400 என்றால் 9,240 ரூபாய். அதைக் கட்டி மேல்முறையீடு போட்டால் மீதித் தொகையின் வசூல் தானாக நிற்கும். அங்கேயும் விசாரணை உண்டு, அங்கேயும் எழுத்தில் கேளுங்கள். பொதுவாக, உத்தரவு கிடைத்து மூன்று மாதம் வரை வசூல் நடவடிக்கை தொடங்கக் கூடாது என்று 78-ஆவது பிரிவும் இருக்கிறது. அதிகாரி காரணத்தை எழுதிவைத்து அந்தக் காலத்தைக் குறைக்கலாம்.

வருமான வரியில் பாதை வேறு. அங்கே முகமில்லா மதிப்பீடு, எல்லாம் இணையத்தில். எதிரான உத்தரவுக்கு முன் விளக்கம் கேட்கும் நோட்டீஸ் வரும். பதிலோடு சேர்த்துக் காணொளி விசாரணையையும் கேட்க வேண்டும். வருமான வரிக்காரர் மார்த்தாண்டத்திலிருந்து பஸ் ஏற வேண்டாம், அந்த மட்டில் நிம்மதி.

எல்லாக் கெடுவும் முடிந்து, பேங்க் கணக்கும் முடங்கிய பிறகுதான் தெரிந்தது என்றால் மிச்சம் இருப்பது மதுரை. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004இலிருந்து நமக்கு அதுதான். நோட்டீஸ் போர்ட்டலில் மட்டும் கிடந்தது, நேரில் கேட்கவே இல்லை என்ற காரணத்துக்காக உத்தரவை ரத்து செய்து, மறுபடி விசாரிக்கச் சொல்லி அனுப்பிய வழக்குகள் நிறைய. போர்ட்டலில் ஏற்றுவது சட்டப்படி சரிதான் என்றாலும், பதிலே வராதபோது பதிவுத் தபால் போன்ற வேறு வழியையும் அதிகாரி பார்த்திருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னதுண்டு. ஆனால் சும்மா அனுப்புவதில்லை. தகராறு வரியில் 10 சதவீதம், சில வழக்குகளில் 25 சதவீதம் வரை கட்டச் சொல்லித்தான் அனுப்புவார்கள். வக்கீல் செலவு, அலைச்சல் தனி. சின்னத் தொகைக்கு இது கட்டுப்படியாகுமா என்று முதலிலேயே கணக்குப் போடுங்கள்.

வக்கீலிடம் போகும்போது இவற்றை எடுத்துப் போங்கள்: போர்ட்டலிலிருந்து இறக்கிய எல்லா நோட்டீஸும் உத்தரவும், பதிவுச் சான்றிதழில் மின்னஞ்சல், போன் நம்பர் உள்ள பக்கம், பேங்க் அனுப்பிய முடக்கக் கடிதம், வரித் துறை பேங்குக்கு அனுப்பிய டிஆர்சி-13 நோட்டீஸின் நகல், நீங்கள் எப்போதாவது கொடுத்த பதில்களின் ஒப்புகை, அந்த வருடத்து 3பி, 2ஏ. உத்தரவு எந்த நாளில் உங்களுக்கு உண்மையாகத் தெரிந்தது என்று ஒரு தாளில் எழுதி, அதற்கு என்ன ஆதாரம் உண்டோ அதைச் சேர்த்துக் கொடுங்கள். வக்கீல் முதலில் கேட்பது அந்தத் தேதியைத்தான்.